வெளியே போகணும் என்று நாயைச் சொல்லவைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஏழு மாதம் ஆகிறது. நேரத்துக்குக் கூட்டிப்போனால் ஒழுங்காக வெளியில்தான் போகிறான். ஆனால் நடுவில் அவசரம் வந்தால் எங்களிடம் தெரிவிப்பதே இல்லை. சத்தம் போடாமல் வாசல் கதவுப் பக்கம் போய் நிற்கிறான். நாங்கள் கவனிக்காவிட்டால் மிதியடியிலேயே போய்விடுகிறான். கதவில் மணி கட்டி, அவன் முன்னங்காலைப் பிடித்துத் தட்டியும் காட்டினோம். இப்போது மணியைக் கண்டாலே ஒதுங்குகிறான். என்ன செய்யலாம்?

பதில்: அவன் தெரிவித்துக்கொண்டுதான் இருக்கிறான். கதவுப் பக்கம் போய் நிற்பதே அவன் கேட்கும் விதம். அது உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். ஆகவே அவனுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே செய்வதோடு ஒரு சத்தத்தைச் சேர்த்தால் போதும். சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் போகிற நாய் என்றால் கதை வேறு. வெளியேதான் போக வேண்டும் என்பதே அதற்கு இன்னும் பிடிபடவில்லை. எத்தனை மணி கட்டினாலும் பயனிருக்காது, நேரம் வைத்துக் கூட்டிப்போவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் பையன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான்.

ஒரு சந்தேகத்தை மட்டும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆண் நாய்கள் காலைத் தூக்கி அங்கங்கே கொஞ்சம் விட்டு அடையாளம் வைக்க ஆரம்பிக்கிற வயது இது. வாசல் நிலை அதற்குத் தோதான இடம், அதுவும் வெளியே வேறு நாய்கள் நடமாடினால் கேட்கவே வேண்டாம். கதவிலோ நிலையிலோ சில சொட்டுகள் மட்டும் என்றால் அது அடையாளமாக இருக்கலாம். மணி அதற்கு மருந்தல்ல. கருத்தடை அறுவை சிகிச்சை பற்றியும் சேர்த்துக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். மிதியடி முழுக்க நனைந்திருந்தால் அது நிஜமான அவசரம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

அந்த மிதியடியைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடுங்கள். எங்கே போவது என்று நாய் முடிவு செய்வதில் காலடியில் படும் தரைக்கும் பங்கு உண்டு. மெத்தென்று இருந்து ஈரத்தை உறிஞ்சும் துணி பல நாய்களுக்குப் பிடித்துப்போகும். துவைத்த பிறகும் நமக்குத் தெரியாத வாசனை அவன் மூக்குக்குத் தெரியும். தரையைத் துடைக்க என்சைம் கலந்த கிளீனர் நல்லது. அம்மோனியா கலந்தது வேண்டாம். சிறுநீர் சிதையும்போது வருவதும் அம்மோனியாதான் என்பதால், அந்த வாசனை அவனை அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கக்கூடும்.

திட்டவும் வேண்டாம். ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பது போன்ற பழைய வைத்தியங்களால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இவர்கள் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் அது மறைவிடம் தேடும். வெளியே லீஷில் நீங்கள் பக்கத்தில் நின்றாலும் அடக்கிக்கொள்ளும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர், அவன் நம்மைத் தேடி வர வேண்டும்.

மணியை இப்போதைக்குக் கழற்றிவிடுங்கள். காலைப் பிடித்து இழுப்பது பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. அதோடு காதருகே திடீரென்று ஒரு சத்தமும் வந்தால் மிரளத்தான் செய்யும். மணியில்லாத இந்த ஒரு வாரமும் வீணல்ல. அவன் கதவருகே நிற்கும் ஒவ்வொரு முறையும் யாராவது உடனே எழுந்துபோய், ஒரே மாதிரி “வெளியே போலாமா?” என்று கேட்டு, லீஷ் மாட்டிக் கூட்டிப்போங்கள். கேட்டால் ஆள் வருகிறது என்ற நம்பிக்கை அவனுக்கு உறுதிப்படட்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் எந்த சைகையும் நிலைக்காது. நின்று பார்த்தும் யாரும் வராத நாய், சீக்கிரமே நிற்பதையும் விட்டுவிடும். கதவுக்குப் போகும் முன்பே அவன் என்ன செய்கிறான் என்றும் கவனியுங்கள்: விளையாட்டைச் சட்டென்று நிறுத்துவது, தரையை மோந்துகொண்டே வட்டமடிப்பது, அறையை விட்டு நழுவுவது, உங்களையே உற்றுப் பார்ப்பது.

அடுத்த வாரம் வேறு மணி வாங்குங்கள். ஓசை மென்மையாக இருக்க வேண்டும், விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். பாடத்தைக் கதவிலிருந்து தள்ளி, அவனுக்கு அவசரம் இல்லாத நேரத்தில் நடத்துங்கள். முதலில் உங்கள் உள்ளங்கையை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டுங்கள். மோந்து பார்க்கத் தானாகவே வருவான். மூக்கு பட்டதும் “சபாஷ்” என்று சொல்லி ஒரு சின்ன ட்ரீட். இது பழகியதும், உள்ளே இருக்கும் நாக்கை டேப் போட்டு ஒட்டிய மணியை அதே கையில் வைத்து நீட்டுங்கள். சத்தம் வராத மணியைப் பயமில்லாமல் தொடுகிறான் என்றால் டேப்பைத் தளர்த்தி லேசாக ஒலிக்க விடுங்கள், பிறகு முழுதாக. நடுவில் எங்காவது பின்வாங்கினால் முந்தின படிக்கே திரும்புங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். சலிப்பு வரும் முன் நிறுத்திவிடுங்கள்.

கையில் இருக்கும் மணியைத் தயங்காமல் மூக்கால் தட்டுகிறான் என்ற பிறகுதான் அதைக் கதவில், அவன் மூக்கு உயரத்தில், தொங்கவிட வேண்டும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். கதவருகே மணி அடித்ததற்கும் ட்ரீட் கொடுத்தால், அவனுக்கு அது ட்ரீட் கேட்கும் மணியாகிவிடும். இங்கிருந்து மணி அடித்தால் கிடைப்பது கதவு திறப்பது மட்டுமே, அதுவும் உடனே. ட்ரீட்டை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய், வெளியே அவன் போய் முடித்த ஓரிரு நொடிக்குள் கொடுங்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு கொடுத்தால், திரும்பி வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வான்.

ஆரம்ப நாட்களில், அவனுக்கு நிச்சயம் தேவைப்படும் நேரங்களில் மணியைத் தட்டவையுங்கள். தூங்கி எழுந்ததும், ஓடி விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும் என்பதால் சாப்பாட்டுக்குப் பின் வரும் வாய்ப்பை நம்பலாம். அவனே கதவருகே போய் நிற்கும் நேரம் எல்லாவற்றையும் விட நல்ல சந்தர்ப்பம்: பக்கத்தில் போய் மணியை விரலால் காட்டி, அவன் தட்டும்வரை ஒரு கணம் காத்திருந்து, தட்டியதும் திறங்கள். தட்டவில்லை என்றால் நீங்களே தட்டிவிட்டுத் திறங்கள். அவசரத்தில் இருப்பவனை நிறுத்திவைத்துப் பாடம் நடத்தக் கூடாது.

சரி, அடிக்கப் பழகிவிட்டான். இனி சும்மா சும்மா அடிப்பான். வெளியே பூனை போனால்கூட அடிப்பான். முதல் சில வாரங்களுக்கு எல்லா மணிக்கும் பதில் சொல்லுங்கள், பொய் என்று தெரிந்தாலும். ஆனால் அந்தப் பயணம் சுவாரசியமே இல்லாததாக இருக்கட்டும். லீஷ், எப்போதும் போகும் அதே இடம், அங்கே நான்கைந்து நிமிடம் பேசாமல் நிற்பது. ஒன்றும் போகவில்லையா, நேராக வீட்டுக்கு. போய்விட்டான் என்றால் அப்புறம் கொஞ்சம் நடக்கலாம், விளையாடலாம். போன உடனே உள்ளே இழுத்து வராதீர்கள். போனால் வெளியே இருக்கிற நேரம் முடிந்துவிடுகிறது என்று புரிந்துகொண்ட நாய்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கும். இதையும் மீறி நாள் முழுக்க அடிக்கிறான் என்றால் அவனுக்குப் பொழுது போகவில்லை. நடை, விளையாட்டு, மூக்குக்கு வேலை, இவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

மணி அவனுக்கு ஒத்தே வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பல அறைகள், மாடி இருக்கிற வீட்டில் எனக்கு மணியை விடப் பிடித்த வழி, நாயே ஆளைத் தேடி வந்து மூக்கால் முழங்காலைத் தட்டுவது. உள்ளங்கையைத் தொடப் பழக்கிய அதே முறைதான். கதவருகே ஒருவர் லீஷோடு நிற்க, இன்னொருவர் தள்ளி உட்கார்ந்து தொடவைத்து, உடனே கதவுக்கு ஓட வேண்டும். காது கேட்காதவர்கள் இருக்கும் வீட்டுக்கும், வெளியூரில் தங்கப்போகும் வீட்டுக்கும் இது பொருந்தும். குரைக்கவைத்துப் பழக்குவதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. அது எல்லாவற்றுக்கும் குரைப்பதில் போய் முடிவது சகஜம்.

மணி வந்துவிட்டது என்று நேர அட்டவணையைக் கைவிடாதீர்கள். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் குட்டி அடக்கக்கூடிய மணிநேரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது உச்ச வரம்பு. விழித்து விளையாடும் ஏழு மாத நாயை பகலில் அவ்வளவு நேரம் சோதிக்க வேண்டாம்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தாலோ, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அது பழக்கக் கோளாறு அல்ல. சிறுநீர்த் தொற்று முதல் சர்க்கரை நோய் வரை காரணம் இருக்கலாம். ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விபத்தைக் குறைக்கிறேன் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். முக்கி முக்கியும் சொட்டு வராத ஆண் நாயை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிருக்கே ஆபத்து.

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மணியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அடித்து அடித்து ஆள் வராமல் போனால் பழக்கியது கெடும், சும்மா இருக்கும் வாய் அதைக் கடிக்கவும் பார்க்கும். திரும்பி வந்ததும் அவனை வெளியே கூட்டிப்போய்விட்டு மறுபடி மாட்டுங்கள்.