பாதியில் மூடிய ஏழு புத்தகங்கள்

கேள்வி: எனக்கு வயது 32. நல்ல வேலை, போதுமான சம்பளம். ஆனாலும் காலையில் கண் விழித்ததுமே மனது கனத்துவிடுகிறது. கைபேசியைத் திறந்தால், கூடப் படித்தவர்கள் எல்லோரும் எங்கேயோ போய்விட்டதுபோலத் தெரிகிறது. நெருக்கமாக இருந்த ஒரே நட்பும் சண்டை எதுவும் இல்லாமலே தேய்ந்துபோயிற்று. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் ஏழு வாங்கினேன், ஒன்றைக்கூட முடிக்கவில்லை. என் நிலைமைக்கும் இந்தக் காலத்து வாழ்க்கைக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஏழையும் முடிக்கவில்லை என்பதை எட்டாவது கவலையாகச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை கரையேறியவர்கள் எழுதியவை. நீங்கள் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறீர்கள். ஒரு மோசமான வருடத்தில் எனக்கும் அப்படி ஒன்று அன்பளிப்பாக வந்தது. விடியுமுன் எழு, இலக்கை எழுதி வை என்று பக்கத்துக்குப் பக்கம் கட்டளை. நாற்பது பக்கம் தாண்டுவதற்குள், நான் செய்யாமல் விட்டவற்றின் பட்டியல்தான் நீண்டது.

அதனால் உங்களுக்குப் பெரும்பாலும் கதைகளைத்தான் சொல்லப்போகிறேன். கதையில் வருகிறவன் நம்மைத் திருத்த வருவதில்லை. அவன் பாட்டுக்கு அவன் கஷ்டத்தில் இருக்கிறான், நாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்தக் காலை நேரக் கனத்துக்கு, 1915இல் வெளிவந்த, ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவின் 'உருமாற்றம்' கதை. கிரகர் சாம்சா ஒரு நாள் காலையில் ராட்சதப் பூச்சியாக மாறிக் கிடக்கிறான். இது படிக்காதவர்களுக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அடுத்து வருவது. அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். நாலு மணிக்கு அலாரம் வைத்திருந்தான், ஐந்து மணி ரயில் போய்விட்டது, இப்போது ஆறரை. உடம்பு பூச்சியாகிவிட்டது, கவலையெல்லாம் அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ என்பதில்! பெற்றோரின் கடனை அடைப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிற வேலை அது. காஃப்காவும் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் எழுதியவர்தான். முதல் பக்கங்களில் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். முடிவு சோகம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கூடப் படித்தவர்கள் விஷயத்துக்கு தமிழ் எழுத்தாளர் ஆதவன். அவருடைய 'என் பெயர் ராமசேஷன்' நாவல் 1980இல் வந்தது, கைபேசி என்ற பேச்சே இல்லாத காலம். கல்லூரி இளைஞன் ராமசேஷன், யாரிடம் எந்த முகத்தைக் காட்டுகிறோம் என்று தன்னைத்தானே வேவு பார்த்துக்கொண்டிருப்பான். எதிரில் இருப்பவரின் வேஷம் அவன் கண்ணுக்குத் தப்பாது, தன்னுடையதும் தப்பாது. அதைப் படித்த கையோடு கைபேசியைத் திறந்து பாருங்கள், அந்தச் சிரித்த முகங்கள் வேறு மாதிரி தெரியும். நீங்கள் கடைசியாகப் போட்ட படமும்தான். பெண்களோடு அவன் பழகும் விதம் பல இடங்களில் எரிச்சல் மூட்டும். எனக்கு மூட்டியது. இருந்தாலும் கீழே வைக்க முடியவில்லை.

தேய்ந்துபோன நட்பைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கென்னவோ கடிதத்திலேயே வலிக்கிற இடம் அதுதான் என்று படுகிறது. சண்டை போட்டுப் பிரிந்தால் கோபப்படவாவது ஆள் இருக்கும். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1848இல் எழுதிய 'வெண்ணிற இரவுகள்' கதையில் வருகிறவனுக்கு, ஒரே ஊரில் எட்டு வருடம் வாழ்ந்தும் அறிமுகம் என்று ஒரு ஆள் கிடையாது. நாலு இரவுகள் ஒரு பெண் அவனோடு பேசுகிறாள். பிறகு, தான் காத்திருந்தவனோடு போய்விடுகிறாள். அவன் அவளைத் திட்டுவதில்லை. கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தை அவன் என்ன செய்கிறான் என்பதற்காகவே கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

கட்டுரை மாதிரி ஒன்று வேண்டுமானால் மார்க்கஸ் அரேலியஸின் 'தியானங்கள்'. கி.பி. 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட பேரரசர், தனக்காக எழுதி வைத்த குறிப்புகள். ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில், படுக்கையை விட்டு எழுந்திருக்கத் தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருப்பார். ஒரே மூச்சில் படிக்காதீர்கள், அலுத்துவிடும்.

நடுவில் ஒன்று. அந்தக் கனம் வாரக்கணக்கில் விடாமல் இருக்கிறதா? தூக்கமும் பசியும் கெட்டுவிட்டனவா? வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் இந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். புத்தகங்கள் காத்திருக்கும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? இதுவரை சொன்ன எதுவும் வேண்டாம். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' சிறுகதையைத் தேடிப் படியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. வேலை கேட்டு ஒருவன் சினிமா ஸ்டுடியோவுக்கு வருகிறான், புலிவேஷக்காரன். அங்கே இருப்பவர்களுக்கு அவன் தேவைப்படவில்லை. முகமூடியை மாட்டியதும் அந்த அறையில் ஒரு புலி. கழற்றியதும் மறுபடி அதே பரிதாபமான மனிதன். தன் திறமையை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற எவருக்கும் அந்தக் கதை கொஞ்ச நாளைக்கு மனசை விட்டுப் போகாது.

அப்புறம் ராமசேஷனிடம் வாருங்கள். பிடிக்காவிட்டால் முப்பது பக்கத்தில் மூடிவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். எந்த இடத்தில் மூடினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த புத்தகத்தை அதை வைத்துத்தான் தேட வேண்டும்.