29 வயதுத் தங்கைக்கு அறிவுசார் குறைபாடு. மட்டக்களப்பில் அவளை இயற்கை நடைக்குக் கூட்டிப்போவது எப்படி?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பள்ளிக்கூடத்து விசேட பிரிவை விட்ட நாளிலிருந்து உங்கள் தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். வெளிநாடுகளில் இப்படிப்பட்டவர்களைச் சிறு கூட்டமாக இயற்கையில் மெதுவாக நடக்கவைத்து, இடையிடையே படம், பாட்டு, கைவேலை என்று சேர்த்துச் செய்கிறார்கள் என்று வாசித்திருக்கிறீர்கள். அது இங்கே சரிவருமா என்று கேட்கிறீர்கள்.

சரிவரும். என் தம்பிக்கு 34 வயது, டவுண் சின்ட்ரோம். அவனும் இன்னும் ஐந்து பேரும், துணைக்கு நாங்கள் நாலு பேருமாக, மூன்று வருடமாகச் சனிக்கிழமைக் காலைகளில் கல்லடிப் பக்கம் நடக்கிறோம். நான் இதற்கெனப் படித்தவள் இல்லை, கணக்கு எழுதும் வேலை. ஆகவே ஓர் அக்காவின் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லவேண்டும். பிரித்தானியாவில் 'லேர்னிங் டிசபிலிட்டி' என்றால் அறிவுசார் குறைபாடு. அமெரிக்க, இந்தியக் கட்டுரைகளில் அதே சொல் பெரும்பாலும் டிஸ்லெக்சியா போன்ற எழுத்து, வாசிப்புச் சிரமங்களைக் குறிக்கும். தமிழில் இரண்டையும் 'கற்றல் குறைபாடு' என்று எழுதிவிடுகிறார்கள். நான் ஒரு மாதம் முழுக்க எங்களுக்குச் சம்பந்தமில்லாத கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணத்தில் மனத்தை நிறுத்திக் கவனிக்கும் பயிற்சிக்கு 'மைண்ட்புல்னஸ்' என்பார்கள். அந்தச் சொல்லை நாங்கள் நடையில் பாவிப்பதில்லை. அதற்கொரு கதை உண்டு. முதலாவது முறை கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, எல்லோரையும் ஒரு மண்டபத்தில் பாயில் இருத்தி, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்கள். ஒரு அக்கா பயந்து அழுதார். என் தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு முகம் வீங்க உட்கார்ந்திருந்தான். 'மூச்சைக் கவனி' என்றால் அதை வெளியே விடாமல் பார்த்துக்கொள் என்று விளங்கிக்கொண்டான் போல.

பிறகுதான் நிர்பய் சிங் என்பவரும் அவருடைய குழுவும் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அறிந்தேன். அறிவுசார் குறைபாடும் மனநோயும் உள்ள ஒருவர், கோபம் வந்தால் கைநீட்டுகிறவர். கோபம் ஏறும்போது கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோக அவரைப் பழக்கியிருக்கிறார்கள். காலப்போக்கில் அவருடைய அடிதடி குறைந்திருக்கிறது. ஏன் கால் என்று எனக்கு உடனே விளங்கியது. மூச்சைக் காட்ட முடியாது. காலைத் தொட்டுக் காட்டலாம், மண்ணில் அழுத்தலாம், பதிந்த அடையாளத்தைத் திரும்பிப் பார்க்கலாம்.

ஆகவே எங்கள் நடை காலில் தொடங்குகிறது. மணலில் செருப்பைக் கழற்றுவோம். (முதலில் ஒருவர் போய்ப் போத்தல் துண்டும் மீன் முள்ளும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். இதை ஒரு தடவை விட்டோம், ஒரு கால் வெட்டுப்பட்டது.) உலர்ந்த மணல், அலை தொட்ட மணல், அடம்பன் கொடி படர்ந்த இடம், வாவிப் பக்கத்துச் சேறு என்று ஒவ்வொன்றிலும் நின்று, அவர்களே அதற்குப் பெயர் வைப்பார்கள். ஈர மணல் 'ஐஸ் மண்' ஆகிவிட்டது. சேறு 'களி'. இப்போது எங்களுக்குள் வழி சொல்வதே அந்தப் பெயர்களில்தான்: ஐஸ் மண்ணால் போய், களிக்குக் கிட்டக் கிறுகவேண்டும்.

இனி, மற்ற எதை மறந்தாலும் மறக்கவேண்டாம் என்று நான் நினைப்பதற்கு வருகிறேன்.

தொடக்கத்தில் ஒரு நாள் பாலத்தடியில் ஒரு கொக்கைக் காட்டித் தம்பியிடம் "இது என்ன?" என்று கேட்டேன். "கொக்கு." "அது?" "தோணி." "என்ன கலர்?" "நீலம்." பத்து நிமிடம் இப்படியே போனது. நான் அவனுக்கு இயற்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைப்பு. அப்புறம் அவன் நின்றான். கரண்ட் கம்பியில் இருந்த காகத்தைக் காட்டி, "அக்கா, இது என்ன?" என்றான்.

"காகம்."

"என்ன கலர்?"

"கறுப்பு."

என் தலையைத் தடவி "வெரி குட்" என்றான். அவனுடைய பழைய ரீச்சரின் குரல், அதே இழுப்பு.

முப்பது வருடமாக அவன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மாமியும் பெயர் என்ன, விரல் எத்தனை என்று கேட்பார். கேட்கிற எல்லோருக்கும் பதில் தெரியும். அவனுக்கும் அது தெரியும்.

அன்றைக்குப் போட்ட விதி இதுதான்: பதில் தெரிந்த கேள்வியை நடையில் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது. எழுத இலகு, செய்யக் கஷ்டம். துணைக்கு வருகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. கேட்கத்தான் வேண்டுமென்றால் உண்மையான கேள்வி கேட்கலாம்: "எந்தப் பக்கம் போவம்?" "ஒள்ளுப்பம் இருப்பமா?" அவர்கள் சொல்கிற பக்கம் போகவும் வேண்டும். சுற்றிச் சுற்றி ஒரே பூவரச மரத்தடிக்கு வந்த நாட்களும் உண்டு. ஒரு மணித்தியாலத்தில் முந்நூறு மீற்றர் போனால் அது நல்ல நடை. இந்த விதி வந்து மூன்றாம் கிழமை, எங்களோடு அதுவரை ஒரு சொல்லும் கதைக்காத ஒருவர் வாவியோரம் நின்று "மணக்குது" என்றார். ஒருவரும் "என்ன மணக்குது?" என்று கேட்கவில்லை. எல்லோரும் சேற்றை முகர்ந்துகொண்டு நின்றோம்.

கைவேலைப் பக்கத்துக்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. பெயின்ற் கடையில் கேட்டால் கலர் அட்டை தருவார்கள். அதைத் துண்டுதுண்டாக வெட்டி, ஆளுக்கொரு நிறம் கொடுத்து, அதே நிறத்தை வழியில் கண்டுபிடிக்கச் சொல்வோம். கதைக்காதவர்களுக்கும் இது சரிவரும். ஒரு அக்காவுக்கு ஒரு மங்கல் பச்சை கிடைத்தது. வேப்பிலையோடு வைத்துப் பார்த்தார், இல்லை. அடம்பன் இலை, இல்லை. தாழை, பாசி, யாரோ எறிந்த சோடாப் போத்தல், எதுவுமே இல்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். அட்டையை என்னிடம் திருப்பித் தரவில்லை. அடுத்த சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினார். நான் அவரளவு கவனமாக ஓர் இலையை இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்று குச்சி. நடை தொடங்கும்போது ஆளுக்கொரு குச்சியும் கொஞ்சம் உல்லன் நூலும். வழியில் பிடித்துப்போகிற சாமானை அதில் கட்டிக்கொண்டே போகவேண்டும்: இறகு, ஊரி, வலைத் துண்டு, சருகு. கீழிருந்து மேலாகக் கட்டினால் அதுவே போன வழி. "இண்டைக்கு என்ன செய்தாய்?" என்று அம்மா கேட்டால் தம்பி முழிப்பான். குச்சியைக் கையில் கொடுத்தால் விரலை வைத்து வைத்து முழுக் காலையையும் சொல்வான்.

கடற்கரையில் இராவணன் மீசை இருக்கிறதல்லவா, அதன் முள்ளுருண்டை கழன்று காற்றில் மணல்மேல் ஓடும். எங்களில் ஒருவர் அதன் பின்னால்தான் நடப்பார். அது நின்றால் நிற்பார், ஓடினால் ஓடுவார். இதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது மற்றவர்களும் ஆளுக்கொரு உருண்டை தேடுகிறார்கள்.

வாவியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்தால் நிலா இரவில் மீன் பாடுவது கேட்கும் என்று சின்னவயதில் சொல்லியிருப்பார்களே. நிலாவுக்குக் காத்திருக்கவேண்டாம். கரையில் கட்டிய தோணியில், தோணிக்காரரின் அனுமதியோடு, காலையிலேயே செய்வோம். மீனோ என்னவோ, தண்ணீரின் சத்தம் மரத்துக்குள்ளால் வருவதே அவர்களுக்குப் போதும். தம்பி ஒரு முறை காதை எடுக்கவே இல்லை, மற்றவர்கள் வரிசையில் நின்று சண்டை பிடித்தார்கள்.

எங்கே போகலாம்? கல்லடிக் கடற்கரை, வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில் இருப்பதால் விடியற்காலை நல்லது. பழைய கல்லடிப் பாலம் 1924இல் திறந்தது. 2013இல் புதிய பாலம் வந்தபின் பழையதில் அந்தளவு வாகனத் தொல்லை இல்லை. இரும்புக் கம்பியைத் தடவிக்கொண்டே நடக்க எங்கள் ஆட்களுக்கு விருப்பம். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது, கண்டல் மரங்களும் உண்டு. ஆனால் வாவியில் முதலை உண்டு. மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்காமல் எந்தக் கரையிலும் தண்ணீரில் காலை வைக்கவேண்டாம். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் குளக்கட்டுகள் வடிவுதான், யானைக்குப் பயந்து நாங்கள் போவதில்லை. எந்த இடமானாலும் கழிப்பறையுள்ள, தெரிந்த வீடு ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். நிழலைவிட, காட்சியைவிட, இதுதான் முக்கியம்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் கடலுக்கு வரமாட்டார். 2004இல் சுனாமி வந்தபோது கடலோர நாவலடிப் பக்கம் இருந்தவர்கள் அவருடைய குடும்பம். கடல் போகிற நாளில் அவரும் ஒரு துணையும் வாவிப் பக்கம் நடப்பார்கள். ஏன் என்று கேட்பதுமில்லை, 'ஒரு தடவை வந்து பாருங்கள்' என்று இழுப்பதுமில்லை.

வெயிலை லேசாக எண்ணாதீர்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுவோம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் உடம்பின் வெப்பம் தாங்கும் சக்தியைக் குறைக்கும், ஆகவே முதலே கிளினிக்கில் கேளுங்கள். வலிப்பு உள்ளவர் தண்ணீரோரம் போனால் அவருக்கென்றே ஒருவர் பக்கத்தில் நடக்கவேண்டும். டவுண் சின்ட்ரோம் என்றால் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள், சிலருக்குக் கழுத்து மூட்டும் தளர்வு. தம்பி நடக்கப் பஞ்சிப்படுகிறான் என்று நாங்கள் ஏசிக்கொண்டிருந்தோம். இரத்தம் சோதித்தால் தைரொயிட் குறைவு. ஏசினதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஆட்கள். துணைக்கு வந்த 22 வயதுப் பிள்ளை, 41 வயது மனிதரை "வாங்க செல்லம்" என்று கூப்பிட்டாள். அன்பில்தான் கூப்பிட்டாள். ஆனாலும் மாற்றச் சொன்னேன். இப்போது "அண்ணன்". அவர் முதல் நாள் திரும்பிப் பார்த்தார், யாரை என்று. வேடிக்கை பார்க்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். நாலைந்து கிழமையில் அவர்களுக்கே அலுத்துப்போகும். கரைவலை இழுக்கிற ஐயா ஒருவர் ஒரு நாள் "சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, வந்து கயிறப் பிடிங்களன்" என்றார். பிடித்தார்கள். ஈரக் கயிறு, பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து ஒரே தாளத்தில் பின்னால் வைக்கிற கால். கொழும்புக்காரர் பாயில் இருத்திச் சொல்லித்தர நினைத்தது அங்கே தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது. கூலியாக ஒரு பிடி மீனும் கிடைத்தது.

தாய்மாரை நடைக்குக் கூப்பிடாதீர்கள் என்பது என் கருத்து. அவர்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் தனியாக வேண்டும், பிள்ளைக்கும் அவர்கள் இல்லாமல் வேண்டும். எங்கள் அம்மா முதலில் "சாப்பாடு, மருந்து, உடுப்பு எல்லாம் நேரத்துக்கு நடக்குது, இதெல்லாம் என்னத்துக்கு?" என்றார். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, ஓய்வும் கலையும் விளையாட்டும் இவர்களுடைய உரிமை என்கிறது. அதை அம்மாவிடம் சொன்னால் அகப்பை பறக்கும். "ரெண்டு மணித்தியாலம் படுத்து எழும்புங்க" என்றேன். அது எடுபட்டது.

பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தம்பியின் பேச்சு கூடவில்லை, நிறை குறையவில்லை. கோபம் வந்தால் சில நேரம் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்து மண்ணில் நிற்கிறான், சில நேரம் பழையபடி கதவை அடித்துச் சாத்துகிறான். சனிக்கிழமை எது என்று கலண்டர் பார்க்காமல் அவனுக்குத் தெரியும்.

தொடங்கும்போது உங்கள் தங்கையோடு இன்னும் ஒருவர் போதும், ஒரே இடத்துக்கு நாலு கிழமை போங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் நாங்கள் நிறுத்திவிட்டுப் பொங்கலுக்குப் பிறகுதான் மறுபடி தொடங்குவோம். அந்த நாட்களில் விறாந்தையில் இருந்து பழைய குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுதான் தம்பிக்கு வேலை. முன்பு அவற்றை அடுப்படி மூலையில் சாத்தி வைத்திருந்தோம். ஒரு மழை நாள் அம்மா விறகென்று நினைத்து ஒன்றை அடுப்பில் வைத்துவிட்டார். இரண்டு நாள் அவன் அம்மாவோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு அவனோடு கடற்கரைக்குப் போய், அந்தக் குச்சியில் என்னென்ன இருந்தது என்று கேட்டுக் கேட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். இப்போது எல்லாம் சுவரில் ஆணியடித்துத் தொங்குகின்றன.