ஆன்லைனில் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தயார் செய்வது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எல்.எம்.எஸ். (ஆன்லைனில் பாடம், தேர்வு, மார்க் எல்லாவற்றையும் நடத்த உதவும் மென்பொருள்) வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. கேள்விகளை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் பெரும்பாலானோர் மூடில் (Moodle) என்ற எல்.எம்.எஸ். பயன்படுத்துவதால் உதாரணங்களை அதிலிருந்தே எடுத்திருக்கிறேன். கேன்வாஸோ கூகுள் கிளாஸ்ரூமோ வைத்திருப்பவர்களுக்கு பட்டன்களின் பெயரும் இடமும்தான் மாறும், விஷயம் ஒன்றுதான்.

கேள்வி: நாற்பது ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதல் நாள் எதிலிருந்து ஆரம்பிப்பது, சார்?

பதில்: மெனுவிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "இங்கே கிளிக் செய்தால் இது வரும், அங்கே கிளிக் செய்தால் அது வரும்" என்று புரொஜெக்டரில் காட்டும் பயிற்சி மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும். முதலில் அவர்களை மாணவர்களாக உட்கார வையுங்கள். பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே லாகின் கொடுத்து, ஒரு சின்ன கோர்ஸில் சேர்த்துவிடுங்கள். அதில் ஒரு வீடியோ, ஒரு குவிஸ், ஃபோரமில் (ஆன்லைன் விவாதப் பலகையில்) எழுத ஒரு கேள்வி, ஒரு அசைன்மென்ட் இருந்தால் போதும். பாஸ்வேர்ட் மறந்துபோவது, ஃபைல் ஏறாமல் நிற்பது, குறிப்பு புரியாமல் திண்டாடுவது, இதெல்லாம் அவர்களுக்கே நடக்கட்டும்.

ஒரு தடவை இப்படி நடத்தும்போது, அசைன்மென்ட் அனுப்பிய ஒரு இயற்பியல் ஆசிரியர் மறுநாள் காலை என்னிடம் வந்து, "நான் அனுப்பினது வந்து சேர்ந்ததா, பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஒரே ஒரு இரவுதான் போயிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவரே, "பசங்க என்கிட்ட ரெண்டு வாரம் காத்திருக்காங்க" என்றார். அதற்குப் பிறகு பின்னூட்டத்தைப் பற்றி நான் அவருக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, முடிந்தால் அந்த இரண்டு நாளையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். முதல் நாள் ஒன்றாகக் கூடுங்கள், அப்புறம் நான்கைந்து வாரம் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பாடத்தில் வாரம் ஒரு வேலை செய்யட்டும், இரண்டாவது நாளை அதற்குப் பிறகு வையுங்கள். ஆன்லைன் கற்றலுக்கு கில்லி சால்மன் என்ற கல்வி ஆய்வாளர் சொன்ன ஐந்து படிகளில் முதல் இரண்டே உள்ளே நுழைந்து பழகுவதும், கூட இருப்பவர்களோடு அறிமுகமாவதும்தான். பாடம் சம்பந்தப்பட்டது மூன்றாவது படியில்தான் ஆரம்பிக்கிறது. நாம் ஆசிரியர்களை முதல் மணி நேரத்திலேயே மூன்றாவது படிக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர்களுக்கு ஆர்வமில்லை என்கிறோம்.

கேள்வி: எங்கள் மூத்த ஆசிரியர்கள் சிலர் "இந்த வயசுல எனக்கு இது வராதும்மா" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எப்படிப் பேசுவது?

பதில்: பேசிப் புரிய வைக்க வேண்டியது இதில் அதிகம் இல்லை. அவர்கள் பயப்படுவது எதையாவது அழித்துவிடுவோமோ, மாணவர்கள் முன்னால் தடுமாறுவோமோ என்றுதான். ஆளுக்கு ஒரு காலி கோர்ஸ் கொடுத்து, "இதில் எதை வேண்டுமானாலும் கெடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரும்போது ஒரே ஒரு விதி: அவர் கையிலிருக்கும் மவுஸை நீங்கள் வாங்காதீர்கள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி. நீங்கள் வாங்கிச் செய்து காட்டிய அந்த நொடியே அது உங்கள் வேலையாகிவிடும்.

துணைக்கு ஆள் போடும்போது கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞரைப் போடுவதை விட, அதே பாடம் எடுக்கும் இன்னொருவரைப் போடுங்கள். முப்பது வருடம் கணிதம் எடுத்தவருக்கு மாணவன் எந்த வரியில் தப்பு செய்வான் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நல்ல குவிஸ் தயாரிக்க அந்த அறிவுதான் வேண்டும், மற்றதைப் பழகிக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு மணி நேர வகுப்பை அப்படியே ரெக்கார்ட் செய்து போட்டால் போதாதா?

பதில்: வகுப்பைத் தவறவிட்டவருக்கு உதவியாகப் போடலாம். அதையே பாடமாக நினைத்தால் போதாது. 2014-இல் எட்எக்ஸ் (edX) என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் கோர்ஸ்களில் வீடியோ பார்த்த ஏறக்குறைய 69 லட்சம் முறைகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அது விருப்பப்பட்டுச் சேரும் திறந்த கோர்ஸ்களில் எடுத்த கணக்கு, உங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆறு நிமிடம் ஆனதும் கத்தரிக்கோலை எடுக்கவும் வேண்டாம். ஒரு வீடியோவில் ஒரு கருத்து, அது முடிந்ததும் ஒரு சின்னக் கேள்வி. கருத்துக்கு ஒன்பது நிமிடம் தேவையென்றால் ஒன்பது நிமிடம் பேசுங்கள்.

ஸ்லைடில் முழு வாக்கியங்களை எழுதி அதையே வாசிப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரே வாக்கியத்தைக் காதும் கண்ணும் ஒரே நேரத்தில் வாங்கும்போது கற்றல் குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். படத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள், எழுத்தைத் தனி பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். இணையம் மெதுவாக உள்ள மாணவருக்கு அந்த பி.டி.எஃப்.தான் பாடமே.

கேள்வி: ஃபோரமில் எவ்வளவு சொன்னாலும் மாணவர்கள் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களும் முதல் ஆள் எழுதியதையே மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

பதில்: இந்தக் கேள்வியை மட்டும் பத்துப் பேருக்கு மேல் கேட்டிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். "ஒளிச்சேர்க்கை பற்றி விவாதிக்கவும்" என்று போட்டால் அதில் விவாதிக்க என்ன இருக்கிறது? புத்தகத்தில் இருப்பதை முதல் மாணவி எழுதிவிட்டாள், இரண்டாமவருக்கு மிச்சம் இல்லை. அதையே இப்படிக் கேளுங்கள்: "ஒரு செடியை மூன்று நாள் இருட்டில் வைத்தோம். பிறகு அதன் ஒரு இலையில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, செடியை வெயிலில் வைத்தோம். மாலையில் அந்த இலையைப் பறித்து, பச்சையம் போகுமாறு ஆல்கஹாலில் சூடாக்கி அயோடின் விட்டால் எந்தப் பகுதி என்ன நிறமாகும்? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" இதில் ஊகம் இருக்கிறது, தப்பாகச் சொல்ல இடம் இருக்கிறது, அடுத்தவரிடம் "இல்லை, அது அப்படி ஆகாது" என்று சொல்லவும் வழி இருக்கிறது.

அடுத்தது, காப்பி அடிக்கும் சிக்கலுக்கு மூடிலிலேயே வழி உண்டு. ஃபோரம் வகைகளில் கேள்வி-பதில் வகையைத் தேர்ந்தெடுத்தால், மாணவர் தன் பதிலைப் போடும் வரை மற்றவர்களின் பதில் தெரியாது. போட்ட உடனேயும் தெரியாது, திருத்துவதற்கான நேரம் முடிய வேண்டும். வழக்கமாக அது 30 நிமிடம். இதைச் சொல்லி வைக்காவிட்டால் "நான் எழுதிட்டேன், இன்னும் ஒண்ணும் தெரியல" என்று வரிசையாகச் செய்தி வரும்.

மூன்றாவது நீங்கள். ஆன்லைன் வகுப்பில் மூன்று விதமான இருப்பு வேண்டும் என்று 2000-இல் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்: சிந்தனை நடக்க வேண்டும், மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், ஆசிரியர் நடத்திச் செல்கிறார் என்று தெரிய வேண்டும். மூன்றாவது இல்லாத ஃபோரம் வெறிச்சோடிப் போவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதற்காக எல்லாப் பதிவுக்கும் "அருமை" போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், அதுவும் பேச்சை நிறுத்திவிடும். மூன்று நாளைக்கு ஒரு தடவை போய், இருவர் சொன்னதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். தன் பெயரை ஆசிரியர் எழுதியிருப்பதைப் பார்த்த பிள்ளை திரும்ப வருவான்.

கேள்வி: குவிஸ் வைத்தால் எல்லாருக்கும் முழு மார்க். பார்த்து எழுதுகிறார்கள் என்று தெரிகிறது. கேமரா வைத்துக் கண்காணிக்கலாமா?

பதில்: வாராந்தர குவிஸுக்குக் கேமரா வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த குவிஸ் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். குவிஸ் என்பது அந்த நினைவுப் பயிற்சி. மார்க்கைக் குறைத்து, பல முறை முயல விட்டு, ஒவ்வொரு தவறான விடைக்கும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதி வைத்தால் பார்த்து எழுதுவதில் லாபமே இல்லாமல் போய்விடும்.

மார்க்குக்கான தேர்வு என்றால் கேள்வி வங்கியிலிருந்து ஆளுக்கு வேறு கேள்வி வருமாறு வையுங்கள். கணக்குப் பாடங்களில் எண்கள் மட்டும் ஒவ்வொருவருக்கும் மாறும் கேள்வி வகையும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மூன்று நிமிடம் நேரலையில் கூப்பிட்டு, "இந்த விடைக்கு எப்படி வந்தாய்?" என்று கேளுங்கள். வேறெதுவும் தேவைப்படாது.

கேள்வி: ஒரே ஒரு அசைன்மென்ட் மட்டும் செய்த பையனுக்கு கிரேடுபுக்கில் (மார்க் பட்டியலில்) மொத்தம் 90 சதவீதம் காட்டுகிறது. சாஃப்ட்வேர் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. மார்க் போடாத காலி இடங்களை மூடில் கணக்கில் சேர்க்காது, அதுதான் அதன் இயல்பான அமைப்பு. அந்த அமைப்பை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் இன்னும் கெடுவே வராத வேலைக்கெல்லாம் பூஜ்யம் கணக்காகி, முதல் வாரத்திலேயே வகுப்பே ஃபெயில் என்று காட்டும். கெடு முடிந்ததும் அனுப்பாதவருக்கு நீங்களே 0 போடுங்கள்.

கெடு என்றதும் இன்னொன்று. 15-ஆம் தேதி 00:00 என்று போட்டால் 14-ஆம் தேதி நள்ளிரவோடு கெடு முடிந்துவிடும். மாணவர்கள் 15-ஆம் தேதி இரவு வரை நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இரவு 11:59 என்று மாற்றி, கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: 120 மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் பின்னூட்டம் எழுத எனக்கு ஏது நேரம்?

பதில்: உண்மைதான், முடியாது. முதல் இருபது விடைத்தாள்களைத் திருத்தும்போது திரும்பத் திரும்ப எழுதும் வரிகளைச் சேமித்து வையுங்கள், பெரும்பாலும் ஏழெட்டு வரிக்குள் அடங்கிவிடும். ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்லும் மதிப்பீட்டு அட்டவணை) போட்டால் அந்த வரிகளை அதிலேயே சேர்த்துவிடலாம், கிளிக் செய்வது மட்டும்தான் மிச்சம். பிறகு வகுப்புக்கே பொதுவாக, "இந்த முறை பாதிப் பேர் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறீர்கள்" என்று ஐந்து நிமிட ஆடியோ ஒன்று. தனிப்பட்ட குறிப்பை ஒரு தடவைக்கு முப்பது பேருக்கு மட்டும் எழுதுங்கள், அடுத்த தடவை அடுத்த முப்பது பேர். நான்கு அசைன்மென்ட் முடியும்போது எல்லாருக்கும் ஒரு முறை உங்கள் கைப்பட ஏதாவது வந்திருக்கும்.

கேள்வி: பயிற்சி கொடுத்தாகிவிட்டது, ஆசிரியர்கள் "ரொம்ப நல்லா இருந்தது" என்று ஃபார்மில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று எங்கள் மேலதிகாரி மேடம் கேட்கிறார்.

பதில்: அந்த ஃபார்ம் அவர்களுக்குப் பிடித்ததா என்று மட்டும்தான் சொல்லும். பயிற்சிகளை மதிப்பிட கிர்க்பாட்ரிக் என்பவர் சொன்ன நான்கு நிலைகளில் அது முதல் நிலை. கற்றுக்கொண்டார்களா, வேலையில் மாற்றம் தெரிகிறதா, அதனால் விளைவு என்ன என்பவை அதற்கு மேலே இருக்கின்றன. உங்கள் மேடத்திடம் ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். பிறகு ஆசிரியரின் அனுமதியோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அவருடைய கோர்ஸைத் திறந்து பாருங்கள். ஆசிரியர் லாகினில் பார்க்க வேண்டாம், சோதனைக்கென்று ஒரு மாணவர் கணக்கு வைத்துக்கொண்டு ஃபோனில் திறங்கள். இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று அரை நிமிடத்தில் தெரிகிறதா? கடைசி அசைன்மென்டுக்கு மார்க் தவிர ஒரு வாக்கியமாவது எழுதப்பட்டிருக்கிறதா? ஃபோரமில் ஆசிரியர் கடைசியாக எழுதியது என்றைக்கு?

மூன்றாவது கேள்விக்கான தேதி பயிற்சி நடந்த வாரத்தோடு நின்றிருந்தால், அந்த ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். அவரிடம் இந்த வாரம் எத்தனை மணி நேரம் கையில் இருந்தது என்று கேளுங்கள். நேரடி வகுப்பு முழுச் சுமையையும் அப்படியே வைத்துவிட்டு ஆன்லைன் வேலையை அதன் மேல் ஏற்றியிருந்தால், அடுத்து பேச வேண்டியது மேடத்திடம்தான், கால அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.