பூச்சி மருந்து அடித்த இரவில் செத்த மீன்கள்: யார் மேல் வழக்குப் போடலாம்?

கேள்வி: பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். கொளத்தூரில் ஒரு கடையில் மூன்றடித் தொட்டியும் பதிமூன்று மீன்களும் சேர்த்து 11,800 ரூபாய்க்கு வாங்கினோம். பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று போட்ட துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். அதன் அடியில் ‘உயிருள்ள மீன்களுக்கு கியாரண்டி இல்லை’ என்று இருக்கிறது. ஏழு வாரம் மீன்கள் நன்றாகவே இருந்தன. போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கரப்பான் தொல்லைக்கு ஆள் வைத்து ஹாலிலும் சமையலறையிலும் மருந்து அடித்தோம். 1,500 ரூபாய், போனில் அனுப்பினேன். அன்று காலையில்தான் குடியிருப்போர் சங்கம் சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தது. இரவு 11 மணிக்கு மீன்கள் தலைகீழாகச் சுழன்று நீந்துவதை மகள் போனில் வீடியோ எடுத்தாள். விடிந்து பார்த்தால் பதினொன்று செத்துக் கிடக்கின்றன. இரண்டு கௌராமி மட்டும் பிழைத்தன. செத்தவற்றைப் புதைத்துவிட்டு, தண்ணீரையும் மாற்றிவிட்டோம். மருந்து அடித்தவர் “அது ஹெர்பல் சார்” என்கிறார். கடைக்காரர் தண்ணீரைக் குறை சொல்கிறார். சங்கம் கைவிரிக்கிறது. மீன் கடைகளுக்கென்றே மத்திய அரசு விதிகள் இருப்பதாகவும், மூன்று பேர் மீதும் புகார் கொடுக்கலாம் என்றும் மைத்துனர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மூன்று பேர் மீதும் போடலாம். போட்டால் மூவரும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டியே தப்பித்துவிடுவார்கள். ‘இவரோ அவரோ, யாரோ ஒருவர்’ என்று நீங்களே மனுவில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். என் கணிப்பில் அது பூச்சி மருந்து அடித்தவர்.

முதலில் மற்ற இருவரையும் பார்த்துவிடலாம். உங்கள் மைத்துனர் சொல்லும் விதிகள் 2017-இல் வந்தவை. வியாபாரிகளின் எதிர்ப்பு கிளம்பியதும் மத்திய அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்காகக் கடைக்காரர் சட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை. சட்டத்தின் கண்ணில் மீனும் ஒரு பொருள்தான். பில் தராதது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை விற்றவர், சீட்டில் எதை அச்சடித்திருந்தாலும் அந்த ஒரு வரியை வைத்தே தப்பிவிட முடியாது. ஆனால் உங்கள் மீன்களில் குறை இருந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறி மீன் சாவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில், ஒவ்வொன்றாக. ஏழு வாரம் துள்ளித் திரிந்தவை ஒரே ராத்திரியில் செத்தால் அதைக் கடைக்காரர் தலையில் கட்டுவது கஷ்டம்.

சங்கத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. அன்று தொட்டியில் புதிதாகத் தண்ணீர் விட்டீர்களா? குளோரின் மீனைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் சம்ப்பில் போட்ட பிளீச்சிங் பவுடர், குழாயைத் திறக்காமல் ஹாலில் இருக்கும் தொட்டிக்குள் வராது. விடவில்லை என்றால் சங்கத்தை விட்டுவிடுங்கள். அவர்களோடு இன்னும் எத்தனையோ வருடம் லிஃப்டில் போய்வர வேண்டும்.

இப்போது மருந்துக்காரர். கரப்பானுக்கு வீடுகளில் அடிக்கும் மருந்துகளில் பல சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகையைச் சேர்ந்தவை. மனிதருக்கு ஆபத்து குறைவு என்று சொல்லி விற்கப்படும் இவை, லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலேயே மீனைக் கொன்றுவிடும். தொட்டியை மூடி வைத்திருந்தாலும், ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அது அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்தானே விடுகிறது? தொட்டியை மூடுங்கள், பம்ப்பை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியது இந்தத் தொழில் தெரிந்தவரின் கடமை. ஹாலில் மூன்றடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லாமல் அடித்துவிட்டுப் போயிருந்தால், அந்த அலட்சியத்தால் வந்த இழப்பு சேவைக் குறைபாடு. காசு கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் நீங்கள் நுகர்வோர்.

‘ஹெர்பல்’ என்பதற்குப் பதில் இதுதான்: டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். பூச்சிக்கொல்லி டப்பாவில் மருந்தின் பெயரும் நச்சு அளவைக் காட்டும் வண்ணச் சாய்சதுரமும் இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, பூச்சி ஒழிப்பைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமமும் வேண்டும். நோட்டீஸில் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்: என்ன மருந்து அடித்தீர்கள், உரிம எண் என்ன. பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்களுக்கு உதவும்.

மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆய்வக அறிக்கைக்கு வழி போய்விட்டது. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: செத்த மீனை ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், தொட்டித் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து வையுங்கள், மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்திலேயே வளாகம் இருக்கிறது, அன்றே போய்க் கேளுங்கள்.) நல்லவேளையாக, நுகர்வோர் ஆணையத்தில் குற்ற வழக்கு போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைக் காட்டினால் போதும்.

உங்கள் மகளின் வீடியோதான் இந்த வழக்கின் உயிர். எதிர்த்தரப்பு வக்கீல் நானாக இருந்தால் கௌராமியைத்தான் பிடித்துக்கொள்வேன். அது மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். “மற்றவை செத்து அது மட்டும் பிழைத்ததால் பிரச்சினை ஆக்சிஜன்தான், ராத்திரி கரண்ட் போய் பம்ப் நின்றிருக்கும்” என்பேன். இதற்கான பதில் அந்த வீடியோவிலேயே இருக்கக்கூடும். ஆக்சிஜன் குறைந்தால் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறும். தலைகீழாகச் சுழல்வது நரம்பைத் தாக்கும் விஷத்தோடு அதிகம் பொருந்துகிறது. இன்னொன்று, வீடியோவில் மீனுக்குப் பின்னால் காற்றுக் குமிழிகள் மேலே வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் 11 மணிக்குப் பம்ப் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் பகுதியில் மின்தடை இருந்ததா என்று மின்வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டு வாங்கிவிடுங்கள். இருந்தது என்று பதில் வந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். அதை நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய நகலாக வைக்காதீர்கள். எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும். தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளுக்கு 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சிய சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) கேட்கும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிட்டால் வீண் வாக்குவாதம் மிச்சம்.

வழிமுறை எளிது. ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறம் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் புகார்களுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

எவ்வளவு கேட்பது? எஸ்டிமேட் சீட்டில் மீனுக்குத் தனியாக, தொட்டிக்குத் தனியாக விலை போட்டிருக்கிறதா? மீனின் விலை, மருந்துக்குக் கொடுத்த 1,500, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு, அவ்வளவுதான். ஐந்து லட்சம் கேட்டால் ஆணையம் உங்களையே சந்தேகமாகப் பார்க்கும். நோட்டீஸ் போனதும் மருந்துக்காரர் மீன் விலையைத் தருகிறேன் என்று வந்தால், எழுதி வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.