ஐடிலிங்கில் ஆஃப் ஆகும் டீசல் கார்: கேள்வி பதில்

கேள்வி: 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் சார். சிக்னல்ல ஐடிலிங்கில நின்னா, அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடும்போது, ஆர்.பி.எம். ஏறி இறங்கி ஆஃப் ஆகிடுது. ஓட்டும்போது பிரச்சினை இல்ல. பம்ப் மாத்தணும்னு சொல்றாங்க.

பதில்: டீசலை ஹை பிரஷர்ல அழுத்துற பம்ப் கடைசி. முதல்ல டீசல் ஃபில்டர் அடியில இருக்கிற ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் டீசல் பிடிச்சு வையுங்க. தண்ணி இருந்தா அடியில தங்கும். அடுத்தது, டீசல் லைன்ல காத்து புகுதான்னு பாருங்க. ஃபில்டர்லேர்ந்து பம்ப்புக்குப் போற ஹோஸுக்குப் பதிலா உள்ளே தெரியற டீசல் ட்யூப் போட்டு ஓடவிடுங்க. குமிழி வந்தா ஓ-ரிங், க்ளிப் பாருங்க.

ரெண்டும் சரின்னா, வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர். சூடான இன்ஜின் ஐடிலிங்கில ரெயில் பிரஷர் (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் பொதுவான குழாயோட அழுத்தம்) பெரும்பாலும் 250-லேர்ந்து 350 பார் இருக்கும். இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்கிறதும் கிடைக்கிறதும் ஒண்ணா ஓடணும். கிடைக்கிறது ஊஞ்சலாடினா பம்ப்புல இருக்கிற கன்ட்ரோல் வால்வு. கேட்டதைத் தொடாம விழுந்தா ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது இன்ஜெக்டர் திருப்பி அனுப்புற மீதி டீசலை அளக்கிறது: நாலு இன்ஜெக்டர் ரிட்டர்னுக்கும் நாலு பாட்டில் வெச்சு, பழைய ரிட்டர்ன் லைனை அடைச்சுட்டு, ரெண்டு நிமிஷம் ஐடிலிங். ஒண்ணு மட்டும் மத்ததை விட ரெண்டு மூணு மடங்கு நிரம்பினா அதுதான். பீசோ இன்ஜெக்டர் (காந்தச் சுருளுக்குப் பதிலா மின்சாரத்துல விரியற படிகம் வெச்சது) வண்டியில இதைச் செய்யாதீங்க.

இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தவே கூடாது. பழைய பம்ப் வண்டி பழக்கத்துல சிலர் செய்றாங்க. பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனா உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: சூடானா மட்டும் டப்புன்னு நிக்குது, ஆறினா ஸ்டார்ட் ஆகுது.

பதில்: பெரும்பாலும் கிராங்க் சென்சார், இன்ஜின் சுத்துற வேகத்தை இ.சி.யூ.வுக்குச் சொல்றது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர்ல ஆர்.பி.எம். பூஜ்யம் காட்டினா சென்சார், இல்ல அதோட வயர்.

கேள்வி: இ.ஜி.ஆர்.ல (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வு) பிளேட் வெச்சு அடைச்சேன், சரியாயிடுச்சு. அப்படியே விடலாமா அண்ணா?

பதில்: வால்வு கரி பிடிச்சு திறந்தபடி மாட்டியிருக்கு. ஐடிலிங்கில உள்ளே போற காத்தே கம்மி, அதுல புகை இடத்தைப் பிடிச்சா அணையத்தான் செய்யும். பிளேட்டை எடுத்துட்டு வால்வைக் கழட்டி கிளீன் பண்ணுங்க.

இன்னொருவர்: எங்க ஊர்ல எல்லாரும் பிளேட்டோடதான் ஓட்டறாங்க. பிக்கப், மைலேஜ் ரெண்டும் கூடுது.

பதில்: மாட்டிக்கிட்ட வால்வோட ஒப்பிட்டா கூடும்தான். நல்ல வால்வு ஃபுல் ஆக்ஸிலரேட்டர்ல தானே மூடிடும், அங்க பிளேட்டுக்கு என்ன வேலை? நைட்ரஜன் ஆக்சைடு கூடும், செக் இன்ஜின் லைட்டும் எரியும்.

அதே நபர்: கிளீன் பண்ணாலும் திரும்ப அடைக்குதே?

பதில்: ப்ரீதர் (இன்ஜின் உள்ளே சேர்ற ஆவியை வெளியே விடுற குழாய்) வழியா வர்ற ஆயில் கரியோட சேர்ந்து தார் மாதிரி ஆகுது. டர்போ காத்தைக் குளிர்விக்கிற இன்டர்கூலரோட ஹோஸைக் கழட்டிப் பாருங்க, ஆயில் தேங்கியிருந்தா அதை முதல்ல சரிபண்ணுங்க.

கேள்வி: டீசல்ல 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் பைக் ஆயில்) ஊத்தினா சரியாகுமா?

பதில்: ஆகாது.

கேள்வி: என் வண்டியும் ஆஃப் ஆகுது. பம்ப் மாத்தலாமா?

பதில்: ரெயில் பிரஷர் எவ்வளவு? அளக்காம பம்ப்பைத் தொடாதீங்க. முதல் பதிலைப் படிங்க.

முதல் கேள்வி கேட்டவர்: டெஸ்ட் பண்ணேன் சார். மூணாவது பாட்டில் 60 மில்லி, மத்தது 20.

பதில்: மூணாவது இன்ஜெக்டர் மட்டும். அடியில புது காப்பர் வாஷர் போடுங்க, பழசு உள்ளேயே ஒட்டியிருக்கும், மறக்காம எடுங்க. புது இன்ஜெக்டர் தலையில எழுதியிருக்கிற கோட் நம்பரை ஸ்கேனர்ல ஏத்தச் சொல்லுங்க. ஏத்தாம விட்டா ஐடிலிங் சீரா இல்லாம போகலாம்.