சண்டை ஓய்ந்த பிறகு தளபதிக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

போர் முடிந்த நிலத்தில் படைத்தளபதியின் பொறுப்பு பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில்.

கேள்வி: எதிரி தோற்றாயிற்று. ராணுவம் கிளம்ப வேண்டியதுதானே சார்?

பதில்: எதிரியோடு சேர்ந்து அந்த ஊர் போலீஸும் நீதிமன்றமும் சம்பளப் பட்டுவாடாவும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். உத்தரவு போட்டால் நடக்கிற ஒரே அமைப்பாக மிஞ்சுவது ராணுவம்தான். 1907 ஹேக் விதிகளின் 43-ஆவது பிரிவு இதைக் கடமையாகவே வைக்கிறது: ஒரு பகுதியைக் கைப்பற்றி வைத்திருப்பவர் அங்கே பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் மீட்க வேண்டும், முடிந்தவரை அந்த நாட்டுச் சட்டங்களையே மதிக்க வேண்டும். 1949-இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைப்பதையும் அவர் தலையில் வைத்தது.

கேள்வி: முதல் சில வாரங்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்கிறார்களே, மிகைதானே?

பதில்: கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம் மட்டும். 2003 ஏப்ரலில் ஈராக் தலைநகர் பாக்தாத் அமெரிக்கப் படையிடம் விழுந்தபோது அமைச்சகங்கள் சூறையாடப்பட்டன, தேசிய அருங்காட்சியகம் கொள்ளை போனது. எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் இருந்தது. பக்கத்துத் தெருவிலேயே டாங்கிகள் நின்றாலும், கொள்ளையைத் தடு என்று வீரர்களுக்குத் தெளிவான உத்தரவு இல்லை. நகரத்தைப் பிடிக்கும் திட்டத்திலேயே, பிடித்த மறுநாள் எந்தக் கட்டடத்தை யார் காப்பது என்ற பட்டியலும் இருந்திருக்க வேண்டும். அது முழுக்கத் தளபதியின் வேலை.

அப்புறம் மே 23 அன்று ஈராக் ராணுவத்தையே கலைத்தார்கள். அது தளபதி எடுத்த முடிவல்ல, அமெரிக்கா நியமித்த சிவில் நிர்வாகத் தலைவர் பால் பிரெமர் போட்ட ஆணை. லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். ஆயுதம் மட்டும் கையில் இருந்தது. விளைவைச் சுமந்தது களத்தில் இருந்த படைகள்.

கேள்வி: அப்படியானால் சிவில் நிர்வாகியும் தளபதியின் கீழ் இருப்பதுதானே நல்லது?

பதில்: இல்லை. அதிகாரம் ஒருவர் கையில் குவிந்தால் ராணுவ ஆட்சி நீண்டுகொண்டே போகும். ஆனால் இருவரையும் சம்பந்தமே இல்லாமல் விட்டாலும் ஆபத்து. போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்தில், சிவில் பணிகளுக்கான உயர் பிரதிநிதிக்கு நேட்டோ படைமீது எந்த அதிகாரமும் கிடையாது. அப்போது படையில் சுமார் 60,000 பேர். சர்வதேசப் போலீஸிடமோ ஆயுதமே இல்லை. 1996 தொடக்கத்தில் தலைநகர் சரயேவோவின் புறநகர்கள் செர்பியர்களிடமிருந்து கைமாறியபோது வீடுகள் எரிந்தன. போலீஸ் வேலை எங்களுடையதல்ல என்றது படைத் தலைமை. ஒப்பந்தத்தின்படி அது சரிதான். வீடு எரிந்தவருக்கு அது என்ன பதில்?

கேள்வி: போராளிகளிடமிருந்து துப்பாக்கியைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டால் முடிந்ததா?

பதில்: துருப்பிடித்தது உங்களிடம் வரும், நல்லது மண்ணுக்குள் போகும். ஆயுதத்தை வாங்குவதோடு, அவர்களுடைய தலைவன்–ஆள் சங்கிலியையும் அறுக்க வேண்டும். சியரா லியோனில் 2002 ஜனவரிக்குள் 70,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். முகாமுக்குக் காவல், ஆயுத அழிப்பு எல்லாம் படையின் பொறுப்பு. அவர்களுக்குத் தொழிலும் படிப்பும் தேடித் தருவது மற்றவர்களின் வேலை. அதில் தளபதி தலையிடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: வெடிக்காத குண்டுகள்?

பதில்: எங்கே எதை வீசினோம் என்ற பதிவு வேண்டும். சண்டை நடக்கும்போதே அதை எழுதிவைத்து, ஓய்ந்ததும் அகற்றுபவர்களிடம் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும் என்கிறது சில மரபு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.நா. உடன்படிக்கையோடு 2003-இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம் நெறிமுறை. எழுதிவைக்காத தளபதி பிறகு எதைக் கொடுப்பார்?

கேள்வி: தன் வீரர்கள் மக்களைத் துன்புறுத்தியது தனக்குத் தெரியாது என்று தளபதி சொன்னால்?

பதில்: தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தாரா என்பதையும் பார்ப்பார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. தடுக்காததும், விசாரணைக்கு அனுப்பாததும் அவர் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: சரி, எப்போதுதான் கிளம்புவது?

பதில்: ஒப்படைக்க ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். 1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு நடந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. பொறுப்பேற்க வங்கதேச அரசு இருந்ததால்தான் அது முடிந்தது. ஜெர்மனியில் 1945-இல் அப்படி யாரும் இல்லை. அங்கே அமெரிக்கப் பகுதியை நிர்வகித்த ஜெனரல் லூசியஸ் கிளே, 1946 ஜனவரியிலேயே சிற்றூர்களில் தேர்தல் நடத்த வைத்தார். அவசரம் என்று தடுத்தவர்களும் உண்டு. ஒப்படைக்க ஆள் இல்லையென்றால் கீழிருந்து உருவாக்கத் தொடங்குவோம் என்பது அவர் கணக்கு. என்னைக் கேட்டால் அது சரியான கணக்கு.