அத்திரிபாச்சாவை மேடையேற்றுவது எப்படி? – கேள்வி பதில்

தெரிந்த கதைதான், இருந்தாலும் ஒருமுறை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன், பெயர் மறந்துவிடக் கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டுகிறான், அதோடு பெயர் மாறிப்போகிறது. வீட்டில் அத்திரிபாச்சா செய்துதரக் கேட்கிறான். மனைவி முழிக்கிறாள். அடிக்கிறான். "கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, ஞாபகம் வருகிறது. இதை 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்துப் பொது இடத்தில் போட விரும்புகிறவர்களுக்கே இந்தப் பதில்கள். போட்டி, பரிசு பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன்.

கேள்வி: வசனத்தை எங்கிருந்து தொடங்குவது? (நூலகத் தன்னார்வலர், கரூர்)

எழுதாமல் தொடங்குங்கள். முதல் நாள் கதையை வாயால் சொல்லுங்கள். கையில் புத்தகம் வேண்டாம். மறுநாள் பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். அவர்கள் விட்டுவிடுகிற பகுதி பெரும்பாலும் நாடகத்துக்கும் தேவைப்படாது. பிறகு கதையை ஐந்து செயலாக உடையுங்கள்: தின்கிறான், நடக்கிறான், தாண்டுகிறான், கேட்கிறான், கண்டுபிடிக்கிறான். ஒவ்வொன்றையும் முதலில் பேச்சில்லாமல் உடம்பால் மட்டும் செய்யட்டும். அடுத்த சுற்றில் வாயில் வந்ததைப் பேசட்டும். பெரியவர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து அதை அப்படியே எழுதிக்கொண்டால் போதும், அதுதான் உங்கள் வசனம். பிள்ளை "அத்தே, இன்னொண்ணு வைங்க" என்று சொல்லும். நாம் எழுதினால் அது "அத்தையே, இன்னும் ஒன்று தாருங்கள்" என்று ஆகித் தொலையும்.

இந்தக் கதையின் உயிர் தாளத்தில் இருக்கிறது. கொ-ழுக்-கட்-டை என்பது நாலு தட்டு: தகதிமி. அத்-தி-ரி-பாச்-சா ஐந்து தட்டு: தகதகிட. பின்பாட்டுப் பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் நாலு தட்ட, அவன் தட்டுக்கு ஒரு அடி வைத்து நடக்கட்டும். தாண்டியதும் இரண்டு தட்டு மௌனம். பிறகு ஐந்தில் தொடங்கட்டும். பெயர் மாறியது சபைக்குக் காதாலேயே தெரிந்துவிடும், விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாம். கெடுவது அந்த மௌனத்தில்தான். பிள்ளைகள் அவசரத்தில் அதை விழுங்கிவிடுவார்கள். பின்பாட்டுத் தலைவி கொட்டாங்குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கட்டும். அது இறங்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

கேள்வி: வாய்க்காலுக்கு என்ன செய்வது?

பழைய நீலப் புடவையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஆளுக்கொரு முனையாக இரண்டு பிள்ளைகள் கணுக்கால் உயரத்தில் பிடித்து அலையாட்டட்டும். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இழுத்தும் பிடிக்கக் கூடாது. கால் மாட்டினால் துணி கையைவிட்டுப் போக வேண்டும். தாண்டுகிறவன் வெறுங்காலோடு தாண்டட்டும், சாக்ஸ் வழுக்கும். இறங்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள்.

கேள்வி: மருமகன் வேஷத்துக்கு நாலு பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

நாலு பேருக்கும் கொடுங்கள். ஒரு சிவப்புத் துண்டு. யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் மருமகன். காட்சிக்குக் காட்சி, சபை பார்க்கவே துண்டைக் கைமாற்றுங்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நாடகம் நிற்காது.

கேள்வி: எங்களிடம் முப்பது பிள்ளைகள். வேடம் போதவில்லை.

கதையை மாற்றுங்கள். பெயர் மறந்த ஈ, "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் குதிரையிடம் பதில் தெரிந்துகொள்கிற கதை இருக்கிறதே, அதில் சங்கிலி நீள நீள ஆள் சேரும். கூச்சப்படுகிற பிள்ளைக்கும் ஒரு வரி கிடைக்கும்.

கேள்வி: மைக் எத்தனை வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். நடுவில் ஸ்டாண்ட் மைக் வைத்தால் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன் முன்னே வந்து வரிசையில் நின்று ஒப்பிப்பார்கள். நாடகம் அங்கேயே செத்துவிடும். பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து, 12 அடிக்கு 12 அடி ஆடுகளம் விட்டு, மூன்று பக்கமும் சபையை நெருக்கி உட்கார வையுங்கள்.

கேள்வி: மேடையில் நிஜக் கொழுக்கட்டை தின்னலாமா?

கூடாது. அரிசிமாவு அண்ணத்தில் ஒட்டும், சிரிப்பு வந்தால் புரையேறும். வெள்ளைக் கைக்குட்டைக்குள் பஞ்சு வைத்து மேலே நூலால் கட்டினால் மடிப்போடு மோதகமாகவே தெரியும்.

கேள்வி: முகமூடி செய்ய மைதாப் பசை போதுமா?

போதும். செய்தித்தாளை ஐந்தாறு அடுக்கு ஒட்டுங்கள், இரண்டு அடுக்குக்கு ஒருமுறை காயவிடுங்கள். மேலுதட்டுக்கு மேலேயே வெட்டிவிட்டால்தான் குரல் வரும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது விஷம், பிள்ளை முகத்தில் வைக்கிற பொருளில் கூடவே கூடாது. அதேபோல போஸ்டர் கலரை முகத்தில் பூசாதீர்கள்.

கேள்வி: ரெடிமேட் வசனம் பிடிஎஃப் கிடைக்குமா? (இதே கேள்வி ஐந்து பேர்)

முதல் பதில்.

கேள்வி: மனைவியை அடிக்கிற காட்சியை என்ன செய்வது? (ஆசிரியை, தஞ்சாவூர்)

எடுத்துவிடுங்கள். முடிவுக்கு வேண்டியது ஒரு வீக்கம்தான், அடி இல்லை. கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றுகிறவன், குனியாமல் நுழைந்து நிலைப்படியில் இடித்துக்கொள்ளட்டும். நெற்றி வீங்குகிறது. "ஐயோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே!" என்று மனைவியே சொல்லட்டும். அவன் அவசரம் அவன் தலையிலேயே விடிகிறது.

கேள்வி: இப்படி மாற்றினால் அது நாட்டார் கதையா? பெரியவர்கள் சொன்னதைத் திருத்த நாம் யார்? (சேலம்)

அச்சில் வந்ததால்தான் அதற்கு ஒரே வடிவம் இருப்பதாகத் தோன்றுகிறது. மறந்துபோன சொல்லைப் பற்றிய இந்தக் கதை பல நாடுகளில் உண்டு. உலக நாட்டார் கதைகளை வகைபிரித்து எண்ணிட்ட ஏடியூ (ஆர்னே–தாம்சன்–ஊதர்) அட்டவணையில் 1687 என்ற எண்ணே அதற்கு இருக்கிறது. பண்டமும் வேறு, தடையும் வேறு, சொல் திரும்புகிற வழியும் வேறு. சொல்கிறவர் ஊருக்கு ஊர் மாற்றாமலா இத்தனை தூரம் வந்தது?

கேள்வி: சபை சிரிக்கிறதே அந்த இடத்தில்தான், ஐயா. சும்மா விளையாட்டுக்குத்தானே? (மீண்டும் சேலம்)

அந்தச் சிரிப்புதான் சிக்கல். ஒத்திகையில் பெரியவர்கள் சிரித்தால் அடிக்கிற பையன் அடுத்தமுறை கொஞ்சம் ஓங்கி அடிப்பான். நாடக நாளன்று அது நிஜ அடியாகத்தான் விழும். மனைவி வேஷம் போட்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: அப்படியானால் மனைவி திருப்பி அடிக்கட்டுமே? (திருநெல்வேலி)

கை மாறுகிறது, அவ்வளவுதான். பயிற்சி இல்லாத பிள்ளைகளுக்கு மேடையில் எந்த அடியும் வேண்டாம்.

கேள்வி: மறைப்பது மட்டும் நேர்மையா? பிள்ளைகள் பழைய முடிவை வீட்டில் கேட்கத்தான் போகிறார்கள். (ஆசிரியை, தஞ்சாவூர்)

இது சரியான கேள்வி. மறைக்க வேண்டாம். இரண்டு முடிவையும் ஒத்திகையில் சொல்லி, எதை ஆடுவது என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள். கூத்தில் கதையை நடத்திச் செல்கிற கோமாளியான கட்டியங்காரனுக்குக் கதையை விட்டு வெளியே வந்து சபையோடு பேசும் உரிமை உண்டு. அவனே "சில ஊர்ல இவன் பொண்டாட்டிய அடிச்சதா சொல்லுவாங்க, எங்க ஊர்ல நிலைப்படி முந்திக்கிச்சு" என்று சொல்லட்டும். சேலத்துக்காரருக்கு அவர் கேட்ட பழைய முடிவு கிடைத்துவிட்டது, அடிதான் இல்லை. இதோடு இந்த வழக்கை மூடுகிறேன்.

கேள்வி: கட்டியங்காரனுக்கு மட்டுமாவது மைக்…

கூடாது. ஒருவன் குரல் பெரிதானால் மற்றவர் பேசுவது எதுவும் கேட்காது.

கேள்வி: அச்சில் வந்த கதையை எடுத்தால் உரிமை பெற வேண்டுமா?

நாட்டார் கதை பொதுச் சொத்து. ஆனால் ஓர் எழுத்தாளர் தம் நடையில் எழுதியது, இந்தியச் சட்டப்படி அவர் இறந்து 60 ஆண்டுவரை அவருடையது. அவர் வரிகளைத் தொடாமல் வாய்மொழியிலிருந்து செய்யுங்கள்.

கேள்வி: அன்றைக்கு மழை வந்தால்?

திண்ணையிலோ வகுப்பறையிலோ போடுங்கள். ஈரச் சிமென்ட் தரையில் தாண்டல் மட்டும் வேண்டாம். புடவையைப் பிடிக்கிற இரண்டு பிள்ளைகளும் அதை உயர்த்திப் பிடிக்க, அவன் குனிந்து அடியில் புகுந்து வரட்டும். "அத்திரிபாச்சா" அப்போதும் அதே இடத்தில்தான்.